ஒண்ணா, ரெண்டா?

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அம்மா மடிக்கணினியைத் திறந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மகள் ஒரு கையில் காபியும் மறுகையில் அலுவலக அடையாள அட்டையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரே நிமிஷம்டி. ஒண்ணா, ரெண்டா?"

திரையில் அவர்கள் வீட்டு மாடிப்படி. எதிர்வீட்டு வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு, அவற்றின் மேல் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் வெயில். அம்மா ஒரு விசையைத் தட்டினாள். அதே மாடிப்படி, அதே செருப்பு. மறுபடி தட்டினாள்.

"ரெண்டு," என்றாள் மகள்.

"ஏன்?"

"நிழல் நல்லா வந்திருக்கு. ஒரு ஆழம் இருக்கு. பஸ் போயிடும்மா."

"சரி, கிளம்பு." அம்மா பக்கத்தில் இருந்த சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் பகல் பதினொன்று பத்துக்கு, தான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே அம்மா சரிந்தாள். மாரடைப்பு. வயது ஐம்பத்தொன்பது. எதிரே சோதனைக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளருக்குத்தான் விஷயம் கடைசியாகத் தெரிந்தது. அவர் சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டே இருந்தாராம்.

அந்தக் கடையில் அம்மா இருபத்தெட்டு வருடம். வருகிறவர் மூக்கில் வட்டமான இரும்புச் சட்டத்தை மாட்டுவாள். ஒரு கண்ணாடிச் சில்லைச் செருகி எடுத்து, இன்னொன்றைச் செருகுவாள். "இது தெளிவா இருக்கா, இதுவா? ஒண்ணா, ரெண்டா?" ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்டிருப்பாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. திரைச்சீலை வாங்கினாலும் ஒண்ணா ரெண்டா, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் ஒண்ணா ரெண்டா. "ரெண்டுமே வேண்டாம்" என்று மகள் சொன்னபோது, அப்படி ஒரு பதில் கடையில் செல்லாது என்றாள்.

சில பேர் கண்ணில் ஒரு குறையும் இல்லாமல், கண்ணாடி போட்டால் படித்த முகமாகத் தெரியும் என்று வருவார்கள். அம்மா அவர்களோடு வாதாட மாட்டாள். பவரே இல்லாத வெறும் கண்ணாடியை இரண்டு தடவை செருகுவாள். "ரெண்டாவது பளிச்சுனு இருக்கு மேடம்" என்பார்கள். "உங்க கண்ணு தங்கம். வீட்டுக்குப் போங்க" என்று சிரித்து அனுப்பிவிடுவாள்.

அப்பா போன மறுவருடம் அம்மா போட்டோ எடிட்டிங் பக்கம் போனாள். டிரைவிங் ஸ்கூல் மாடியில் ஓர் அறை. சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, அவரவர் திருத்திய படத்தைச் சுவரில் காட்டுவார்கள். மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். அம்மா சேரும் முன் அங்கே இரண்டே கருத்துகள்தான் இருந்தன. ஒன்று, "சூப்பர்." இன்னொன்று, குழுவில் இருந்த பல் டாக்டர் சொல்வது. அவர் சொல்லி முடித்த பிறகு இரண்டு பேர் குழுவை விட்டே போயிருந்தார்கள். பல்லைப் பிடுங்கி எடுத்த கை, படத்தையும் அப்படியே எடுத்துவிடும்.

அம்மா நல்லது கெட்டது எதுவும் சொல்ல மாட்டாள். அடுத்தவர் படத்தை வாங்கி, ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைப்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர் ஓர் ஏரியின் மேல் மூன்று நிலா வைத்திருந்தார்.

"அண்ணே, இதுல ஒரு நிலாவை எடுத்துட்டேன். ஒண்ணா, ரெண்டா?"

"நிலாவை எடுத்துட்டா என்னக்கா மிச்சம் இருக்கு?"

"இன்னும் ரெண்டு இருக்குல்ல."

நாலு சனிக்கிழமையில் அவரை ஒரு நிலாவுக்குக் கொண்டுவந்தாள்.

கருத்தைக் கொடுப்பதில் இவ்வளவு நயம். வாங்குவதில் வேறு ஆள். முதல் வருடம் அம்மா ஒரு மழைநாள் தெருவைத் திருத்தி மகளிடம் காட்டினாள். மகள் கணினித் திரை செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். திரையின் ஒரு மூலையில் வெள்ளை நிறம் ஒரு நூல் மஞ்சளாக இருந்தால் ஏழு பக்கம் அறிக்கை எழுதுவாள். அவள் படத்தைப் பார்த்தாள், உள்ளதைச் சொன்னாள்.

"தரை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்மா. ஈரத்தை எல்லாம் வழிச்சு எடுத்துட்ட."

"உன் கம்பெனிக் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

நாலு நாள் பேச்சு இல்லை. குழம்பில் உப்பும் இல்லை. ஐந்தாம் நாள் இரண்டும் திரும்பி வந்தன, மழைத் தெரு திரும்பி வரவில்லை. மகள் பாடம் படித்துக்கொண்டாள். ஒண்ணு, அதாவது திருத்தாததே நல்லது என்று சொன்னால், ஏன் என்று மூன்று கேள்வி வரும். ரெண்டு என்றால் ஒரு கேள்வியோடு போய்விடும். அன்றிலிருந்து அவள் பதில் எப்போதும் ரெண்டுதான். காரணமும் தயாராக இருக்கும்: நிழல், ஆழம், வெளிச்சம். மூன்று வருடம் வீடு நிம்மதியாக இருந்தது.

காரியங்கள் முடிந்தபின் மகள் அம்மாவின் மடிக்கணினியைத் திறந்தாள். கோப்புகளை ஒழுங்காக எடுத்து வைப்பது அவளுக்குத் தெரிந்த ஒரே துக்கம். பக்கத்தில் அந்த நோட்டு. தேதி, படம், பதில் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ரெண்டு, ரெண்டு, ரெண்டு. சில தேதிகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

வட்டம் போட்ட தேதிகளின் படங்களைத் தேடி எடுத்தாள். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு கோப்புகளின் அளவும் ஒன்றாக இருந்தது. இரண்டு படங்களைப் புள்ளி புள்ளியாக ஒப்பிட அலுவலகத்துக்காக அவளே எழுதிய நிரல் ஒன்று இருந்தது. அதற்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்டினாள். வித்தியாசம்: பூஜ்யம். அடுத்த ஜோடி: பூஜ்யம். மொத்தம் பதினொரு வட்டம். பதினொன்றிலும் ஒரே படத்தை அம்மா இரண்டு தடவை காட்டியிருக்கிறாள். கடைசி வட்டம், புதன்கிழமை, மாடிப்படி.

வெறும் கண்ணாடி.

கடைக்கு வந்தவர்களை ஒரே தடவையில் வீட்டுக்கு அனுப்பியவள் மகளைப் பதினொரு தடவை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவையாவது "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்று சொல்லிவிடமாட்டாளா என்று. மகள் கணினியை மூடினாள். எட்டு நாள் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வேன்காரர் வந்தார். துக்கம் விசாரித்தார். தண்ணீர் குடித்தார். வேனுக்கு டயர் மாற்றியதைச் சொன்னார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்கக் கூடாதும்மா. அக்காகிட்ட ஒரு பென் டிரைவ் குடுத்திருந்தேன். பாத்துட்டு சனிக்கிழமை சொல்றேன்னாங்க. அதுக்குள்ள இப்படி..."

பென் டிரைவ் அம்மாவின் கைப்பையில் இருந்தது. 'வேன் அண்ணன், சனிக்குள் சொல்லணும்' என்று ஒரு காகிதத்தில் சுற்றி, ரப்பர் போட்டிருந்தாள். பிரிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரிக்கு அறுபது முடியுது. பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டலாம்னு. அக்கா சரின்னு சொல்லாம கடைக்குக் குடுக்க மனசு வரல."

மகள் படத்தைத் திறந்தாள். வேன் படிக்கட்டில் ஓர் அம்மாள் நிற்கிறாள். பின்னால் ஊதா வானம்.

"நல்லா இருக்கு மாமா. குடுத்துடுங்க."

அவர் தலையாட்டினார். பென் டிரைவை வாங்கக் கை நீட்டி, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீதானம்மா பிளாஸ்டிக்?"

"என்னது?"

"அக்கா மழைத் தெரு படம் ஒண்ணு கொண்டுவந்தாங்கல்ல. தரையில அப்படி ஒரு ஈரம். கால் வச்சா வழுக்கும். பல் டாக்டரே வாயைத் திறக்கல. எப்படிக்கா பண்ணீங்கன்னு கேட்டோம். முதல்ல சொதப்பிட்டேன், எம்பொண்ணு பிளாஸ்டிக்னு ஒரே போடாப் போட்டா, நாலு நாள் உக்காந்து திருப்பிச் செஞ்சேன்னாங்க. அதுலேர்ந்து யார் படமாவது மொழுமொழுன்னு இருந்தா, எம்பொண்ணுகிட்டக் காட்டிடுவேன்னு மிரட்டுவாங்க. குழுவுல உன் பேரே அதுதான்."

மகள் பென் டிரைவைச் சுற்றியிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள்.

"அதான் இன்னைக்கு வந்தேன். அக்கா இல்லேன்னாலும் நீ இருக்கியேன்னு. நீ என்னடான்னா, நல்லா இருக்குங்கிற. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், நீ ரெண்டு செகண்டு கூடப் பாக்கல."

மகள் எழுந்துபோய் ஜன்னலின் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். திரையில் விழுந்த வெளிச்சம் போயிற்று. துணியால் திரையைத் துடைத்தாள். உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கி, மேல் மூலையிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"மாமா, வானத்தை மாத்தினப்போ சுத்திவர வெட்டினீங்களா?"

"ஆமா. நகத்தைவிடச் சின்னதா மௌஸை நகத்தி, மூணு வாரம்."

அவள் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க அத்தைக்கு முழங்கை பாதிதான் இருக்கு. மிச்சம் வானத்தோட போயிடுச்சு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு திரையில் படும்படி குனிந்தார்.

"அட, ஆமா. இத்தனை நாளா முகத்தையே பாத்துட்டிருந்திருக்கேன்." கொஞ்ச நேரம் அந்த முழங்கையையே பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற?"