அலுமாரியில் ஒட்டிய சீனச் சொல்

எண்பத்தாறாம் ஆண்டில் கட்டுகஸ்தோட்டைத் தவமணியின் வீட்டில் கதவு, கதிரை, குடை எல்லாவற்றிலும் சீன எழுத்துத் துண்டுகள் ஒட்டியிருந்தன. பீஜிங்கில் புலமைப்பரிசிலில் படிக்கும் மகள் பத்மாதேவி விடுமுறைக்கு வந்து ஒட்டியவை அவை. அங்குள்ள வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் அறைகளில் இப்படித்தான் சொற்களை ஒட்டிப் பாடமாக்குவார்களாம். திரும்பிப் போனதும் சோதனை. தவறினால் புலமைப்பரிசில் பறிபோய்விடும்.

வெள்ளிதோறும் வீடு கழுவும் தவமணி, துண்டுகளைக் கழற்றி மேசையில் வைப்பாள். தரை காய்ந்ததும் சோற்றுப் பசை தடவித் தானே ஒட்டுவாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

"எப்பிடியம்மா பிழைவிடாமல் ஒட்டுறீங்கள்?"

"குடை எண்ட எழுத்தில சீனர் குடையையே கீறி வைச்சிருக்கிறாங்கள். இந்த அலுமாரிதான் பொல்லாதது. உன்ர அப்பாவின்ர கையெழுத்து மாதிரி ஒரே சிக்கல்!"

சிரித்த மகள், இன்னொரு துண்டு எழுதித் தாயின் தோளில் ஒட்டினாள்.

"இதென்னடி?"

"அம்மா."

அன்று முழுவதும் தவமணி அதைக் கழற்றவில்லை.

மகள் புறப்பட மூன்று நாள் இருக்கையில், வீடு கழுவிய ஒரு வெள்ளிக்கிழமை, படையினர் தேடுதலுக்கு வந்தார்கள். மேசையில் குவிந்திருந்த துண்டுகளைக் கண்ட அதிகாரியின் முகம் இறுகியது.

"புலிகளின் இரகசிய எழுத்தா?" என்று சிங்களத்தில் அதட்டினார்.

"சீனச் சொற்கள், சேர். வீட்டுச் சாமான்களின் பெயர்கள். அம்மாதான் ஒட்டுவார்" என்றாள் பத்மாதேவி.

"அப்படியா? நீ வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் நில். அம்மா ஒட்டட்டும். பிழைவிட்டால் நீ எங்களோடு வருகிறாய்."

தவமணி பசையை எடுத்தாள். குடையில் ஒன்று. கதவில் ஒன்று. கதிரையில் ஒன்று. அலுமாரியின் முன்னால் நின்றாள். கணவரின் கையெழுத்தை நினைத்துக்கொண்டாள். ஒட்டினாள். அதிகாரி, மகள் சீனச் சொற்களைப் படத்தோடு எழுதி வைத்திருந்த கொப்பியை விரித்து, படத்தையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் சரி.

கையில் ஒரு துண்டு மிஞ்சியது.

"அது எங்கே?"

தவமணி கண்ணீரோடு அதைத் தன் தோளில் ஒட்டிக்கொண்டாள்.

அதற்கு அவர் கொப்பியைப் புரட்டவில்லை. வாசலுக்குப் போய், தங்கையை அழைப்பதுபோல், "நங்கி, உள்ளே போ. அம்மா அழுகிறார்" என்றார்.

திங்கட்கிழமை பெட்டி கட்டும்போது பத்மாதேவி துண்டுகளை எண்ணினாள்.

"ஒண்டு குறையுதே அம்மா?"

"அதைக் கேளாதை, பிள்ளை. அந்தச் சொல் உனக்குப் பாடம்தானே."