மலர் பிடித்துக்கொண்ட தாழ்ப்பாள்

போன மாதம் ஒரு காலை. படகு வந்து எங்கள் தீவின் துறையில் முட்டி நின்றது. படகோட்டி சுனில் கயிற்றைக் கட்டினார். மலர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இறங்கு மலர், என்ன யோசனை?" என்றேன்.

"நான் எறங்கல டீச்சர். மேல பாருங்க."

பார்த்தேன். துறைக்கு நேர் மேலே ஒரு டர்பன்டைன் மரம், யூகலிப்டஸ் சாதி. அதன் பெரிய கிளையின் அடியில், யாரோ கறுப்புக் கம்பளியை மடித்துக் காயப்போட்ட மாதிரி ஒன்று தொங்கியது. காற்றே இல்லை. ஆனால் அந்தக் கம்பளி மட்டும் அலை அலையாக அசைந்துகொண்டிருந்தது.

குளவி!

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக... சரியாகச் சொன்னால் இது பெரிய மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரு. எங்கள் பக்கத்தில் எல்லாமே குளவிதான். கொட்டு வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கலைந்தால் கூட்டமாகத் துரத்தும். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் ஆஸ்பத்திரியில் என்று எங்கள் மலையில் அடிக்கடி செய்தி வரும். சில பேர் அங்கிருந்து வீட்டுக்கு வருவதில்லை.

எங்கள் தீவைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹட்டனுக்குக் கீழே ஒரு நீர்த்தேக்கம். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது ஒரு குன்றின் தலை மட்டும் மிஞ்சியது. அதுதான் தீவு. நான் பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு, என் கணவர் ஜெயராஜ் பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அதைக் குத்தகைக்கு எடுத்து நான்கு மண் வீடுகள் கட்டினோம். ஜெனரேட்டர் கிடையாது. பிளாஸ்டிக் கிடையாது. பூச்சி மருந்து கிடையவே கிடையாது. "இங்கே நாங்கள் எதையும் கொல்வதில்லை" என்று எங்கள் இணையதளத்தின் முதல் வரியிலேயே போட்டிருக்கிறோம். எழுதியவர் ஜெயராஜ்.

மலர் எங்களுக்குச் சமைக்கிறவள், அறை துடைக்கிறவள், எல்லாமும். எதிர்க்கரையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து வருவாள். முன்பு கொழுந்து எடுத்தவள். ஒருநாள் மலையில் குளவி கலைந்து, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடித் தப்பித்தாள். பக்கத்து நிரையில் நின்ற பெண் தப்பிக்கவில்லை. அதன் பிறகு மலர் மலைக்குப் போகவில்லை.

"தண்ணிக்கு நடுவுல இருக்கிற எடம், இங்கெல்லாம் வராதுன்னு நெனச்சுத்தான் வேலைக்கே வந்தேன்" என்றாள், படகில் உட்கார்ந்தபடியே.

ஜெயராஜ் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் பயமில்லை. சந்தோஷம்!

"நம்மளத் தேடி வந்திருக்குதுங்க பாரு. நல்ல பூ இருக்கு, நல்ல தண்ணி இருக்கு. மருந்தடிக்காத எடம்னு அதுங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

"சேர், தீ வச்சு விரட்டுறவங்க இருக்காங்க. எங்க டிவிசன்லயே இருக்காங்க. சொல்லட்டுங்களா?"

"வேணாம் மலர். நாமதான் இங்க வாடகைக்கு இருக்கோம். அதுங்க எடம் இது."

"சரிங்க சேர். அப்ப என்னைய எந்தப் பக்கமா எறங்கச் சொல்றீங்க?"

அந்தக் கேள்விக்கு ஜெயராஜிடம் பதில் இருந்தது. தீவின் பின்பக்கம் மானாப் புல்லை வெட்டிப் புதிய துறை போட்டார். அட்டைக்கடி உண்டு, வழுக்கும். ஆனால் மரத்துக்குத் தூரம். மலர் அந்த வழியாக வரச் சம்மதித்தாள். வந்ததும் சமையலறைக்குள் போய்விடுவாள். துணி காயப்போடக்கூட வெளியே வரமாட்டாள். நான்தான் காயப்போட்டேன்.

நான் எந்தப் பக்கம் பேசினேன் என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும்! ஜெயராஜிடம் மலருக்காகப் பேசினேன். மலரிடம் ஜெயராஜுக்காகப் பேசினேன். ராத்திரி படுத்தால் அந்தக் கம்பளி கண்ணுக்குள் அசைந்தது.

அடுத்த சனி, ஞாயிறுக்கு ஒரு புக்கிங் இருந்தது. கொழும்புக் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை மதியம் பின்துறையில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வந்து இறங்கியதிலிருந்து நான் நானாக இல்லை. அந்தப் பெண் சென்ட் போட்டிருக்கிறாளா? வாசனைக்குக் கலையும் என்பார்களே! பெரிய பையன் கையில் பந்து வைத்திருக்கிறானே, மரப்பக்கம் எறிவானா? விறகடுப்புப் புகை அந்தப் பக்கம் போகிறதா? எல்லாரையும் எச்சரித்தாகிவிட்டது. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. அவர்களும் நல்ல மனிதர்கள், சொன்னபடி கேட்டார்கள்.

ஆனால் பருந்துக்கு யார் சொல்வது?

ஞாயிறு காலை. விருந்தாளிகள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடமும் சமையலறையும் ஒரே கட்டடம். ஜெயராஜ் பால் வாங்கிவரப் பின்துறைக்குப் போயிருந்தார். நான் ஜன்னலோரம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பருந்து வந்தது. மரத்தைச் சுற்றியது. பிறகு கல் விழுகிற மாதிரி நேரே கூட்டில் போய் விழுந்தது. தேனடைத் துண்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு பறந்துபோய்விட்டது.

அவ்வளவுதான். அதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அடுத்து ஒரு சத்தம் கேட்டது. பாரம் ஏற்றிய லொறி ஒன்று மேட்டில் திணறி ஏறுகிற மாதிரி. தண்ணீரின் நடுவே படகிலிருந்து சுனில் இரண்டு கையையும் வீசிக் கத்துவது தெரிந்தது. "பம்பரு! துவன்ன! துவன்ன!" ஓடச் சொல்கிறார். யாரை? அப்போதுதான் உறைத்தது. ஜெயராஜ் வெளியே இருக்கிறார்.

மலர் சமையலறையிலிருந்து எனக்கு முன்னால் ஓடிவந்துவிட்டாள். ஜன்னல்களை அடித்துச் சாத்தினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை. விருந்தாளி மனைவி இரண்டு பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் தள்ளி, தானும் நுழைந்துகொண்டாள்.

கதவு தட்டப்பட்டது.

"திற! ரோசி, கதவத் திற!"

ஜெயராஜின் குரல்தான். ஆனால் நான் அதுவரை கேட்டிராத குரல். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். மலரின் இரண்டு கையும் அதன்மேல் இருந்தது.

"தொறக்காதீங்க டீச்சர்! எல்லாம் உள்ள வந்துரும்! தொறக்காதீங்க!"

"அது சேர், மலர்! சேர் வெளிய நிக்கிறாரு!"

"தெரியும் டீச்சர்... தெரியும்... தொறக்காதீங்க!"

அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே தட்டும் சத்தம் தணிந்துகொண்டே வந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நகம் கீறியது. யார் நகம் என்று தெரியாது. கடைசியில் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத்தான் திறக்க முடிந்தது.

ஜெயராஜ் உள்ளே விழுந்தார். அவர் தலை முழுக்க, கழுத்து முழுக்கக் குளவி. விருந்தாளி பாய்ந்து கதவைச் சாத்தினார். மேசைவிரிப்பை உருவி ஜெயராஜ் மேல் போட்டு அமுக்கினார். உள்ளே வந்தவற்றை நான் செருப்பால் அடித்தேன். சுவரில், தரையில், தட்டுக்குப் பக்கத்தில், வெறி பிடித்தவள் மாதிரி அடித்தேன். எங்கள் இணையதளத்தின் முதல் வரி அந்தச் சமையலறைத் தரையில் நசுங்கிக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. வெளியே போக முடியாது. ஆஸ்பத்திரியோ தண்ணீருக்கு அந்தப் பக்கம். ஜெயராஜின் உதடு வீங்கியது. கண் மூடிக்கொண்டது. வாந்தி எடுத்தார். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடியில் 'டப் டப்' என்று அவை மோதிக்கொண்டே இருந்தன. நான் சுனிலுக்குப் போன் செய்தேன். "தாம எபா மிஸ்" என்றார். இன்னும் வேண்டாம். மறுபடி செய்தேன். "தாம எபா."

கொட்டிய முள்ளை விருந்தாளியும் நானும் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தோம். மலர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூட எழுந்து வரவில்லை. அந்த நேரம் எனக்கு அவள்மேல் கோபமா? கோபப்படக்கூட எனக்கு இடமில்லை. ஜெபமாலையும் கையில் இல்லை. பாதியில் மறந்து மறந்து ஒரே ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சுனில் பின்துறைக்கு வந்தார். தலையிலிருந்து கால்வரை மழைக்கோட்டு, முகத்தில் துணி. ஜெயராஜை ஈரப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். பிறகு இன்னொரு நடையில் விருந்தாளிகளையும் மலரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகளில் சின்னவளுக்குக் காதில் ஒரேயொரு கொட்டு. அதற்கே அந்தச் சின்ன முகம் வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா..." என்று டொக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஜெயராஜ் பிழைத்துவிட்டார். கண் திறந்ததும், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் ஆள் ஒருவர் விசாரித்தார். அவருக்கும் குளவிதான்.

"நீங்க எந்தத் தோட்டம்ணே?"

"தோட்டம் இல்ல. தீவு."

"அங்க என்னண்ணே வேல?"

ஜெயராஜ் கொஞ்சம் யோசித்தார். "பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அந்த ஆளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. குளவி கொட்டி வார்டுக்கு வருகிறவன் தோட்டத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாரைக் கொட்டும் என்பது அவர் கணக்கு. இத்தனை காலம் எங்கள் கணக்கும் அதுதானோ என்னவோ!

ஜெயராஜ் கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் லயத்துக்குப் போனேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். விரல் முட்டியில் இன்னும் கீறல் இருந்தது.

"சேர் எப்படி இருக்காங்க?"

"சாப்பிடுறாரு. சண்டை போடுறாரு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"என்னைய வேலைய விட்டு நிப்பாட்டத்தான் வந்திருக்கீங்க. தெரியும் டீச்சர்."

"யாரு சொன்னா? உள்ள புள்ளைங்க இருந்துச்சு மலர். நீ கதவப் புடிச்சதுல தப்பு ஒன்னுமில்ல."

அவள் தலையை ஆட்டினாள். "புள்ளைங்கள நெனச்செல்லாம் புடிக்கல டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். என்னைய நெனச்சுத்தான் புடிச்சேன். சேர் செத்தாலும் பரவால்லன்னு... அந்த நேரம் அப்படித்தான் இருந்துச்சு."

படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீரையை நானும் ஆய்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் அழுதாள். நானும்தான். அவள் மனதில் இருந்ததை அவள் ஒளிக்கவில்லை. இத்தனை பயத்தோடு ஒருத்தி தினமும் படகேறி வந்து எங்களுக்குச் சோறு பொங்கினாள். அவள் பயத்துக்குப் பின்பக்கம் ஒரு வழி வெட்டிக் கொடுத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் இருந்தோம்.

அன்று மாலை ஜெயராஜிடம் சொன்னேன். "ஒன்னு கூடு போகணும். இல்ல, தீவப் பூட்டணும். ரெண்டும் வச்சுக்கிட்டு இனி அவள வரச்சொல்ல மாட்டேன்."

அவர் வீங்கிய முகத்தைக் கையால் தடவிக்கொண்டார். எரிக்கச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். வாங்கிய அடி அப்படி.

"பூட்டிருவோம்" என்றார். "மழைக்கு முன்னாடி எடம் மாறிப் போற சாதி அது. போனதும் திறப்போம். அதுவரைக்கும் மலருக்கும் சுனிலுக்கும் சம்பளம் நிக்கக் கூடாது."

"போகலேன்னா?"

"தெரியல ரோசி."

வாழ்க்கையில் முதல் தடவையாக, தீவைப் பற்றி அவர் 'தெரியல' என்று சொன்னார்.

இதை எழுதும்போது தீவு பூட்டித்தான் கிடக்கிறது. மரத்தில் கறுப்புக் கம்பளி அப்படியே இருக்கிறது. என் பயமும் அப்படியே இருக்கிறது. எதிர்க்கரையில் ஏரியோரம் கொழுந்து எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள் அல்லவா? நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டோம், அவர்கள் எதைப் பூட்டுவார்கள்? அந்த மலைக்கு இப்போதைக்கு ஆள் போடவேண்டாம் என்று ஜெயராஜ் கங்காணியிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போதைக்குச் சரி என்றிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு? அவர்கள் ஆள் போடப்போகிறோம் என்று சொன்னால், அன்றைக்கே தீ வைக்கிறவர்களைக் கூப்பிட வேண்டும். இதை ஜெயராஜே சொன்னார். சொல்லிவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

புக்கிங்குகளை நான்தான் ஒவ்வொன்றாகப் போன் செய்து ரத்து செய்கிறேன். நேற்று பேசிய ஒரு பெண்மணி காரணம் கேட்டார். மரத்தில் குளவி கட்டியிருக்கிறது, அதற்காகப் பூட்டியிருக்கிறோம் என்றேன்.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்றார். "இயற்கையோடயே வாழ்றீங்க. குடுத்துவச்சவங்க நீங்க!"

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். வேறென்ன சொல்ல?

பயமில்லாமல் இயற்கையை ரசிக்கிற பாக்கியம் இருக்கிறதே... அது விருந்தாளிகளுக்கு மட்டும்தான் வாய்க்கிறது!