காய்ந்துவிட்டது என்று ஐந்து பேர் சொன்னோம்

அன்று அறையில் ஐந்து பேர் இருந்தோம்: முதலாளி, அவருடைய மச்சான், கணக்குப் பார்ப்பவர், துறைமுகத்தில் எங்கள் சரக்குக்கான காகித வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட், நான். சுவரில் மாட்டிய டிவியில், ஜெர்மனிக்காரர்களுக்காகச் சரக்கு வாங்கும் சென்னைத் தரகர். வராதவர் குடோன் அக்கா. வராதவர் என்பதுகூடச் சரியில்லை. அவரை யாரும் அழைத்ததில்லை.

எங்கள் கம்பெனி நிலவாகை இலை ஏற்றுமதி செய்கிறது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் விளைவது. வெளிநாட்டில் பேதி மருந்துக்கு வாங்குகிறார்கள். நிழலில் பரப்பி, தினமும் புரட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே மூட்டையாக அழுத்திக் கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிக் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். ஒன்பது பெண்களை வைத்து அந்த வேலையை நடத்துபவர் குடோன் அக்கா. நான் ஆங்கிலத்தில் மெயில் எழுதுபவன். அப்பா ஆறுமுகநேரியில் உப்பு மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான்தான். ஆபீஸிலும் எனக்குப் ‘படிச்சவன்’ என்றுதான் பேர்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அக்கா போன் செய்தார்.

“மேல கை வச்சா மொறுமொறுன்னுதான் இருக்கும் தம்பி. குமியலுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டுப் பாருங்க, கொதிக்கி. இன்னும் நாலு நாளு பெரட்டணும். நான் சொன்னா மொதலாளி கேக்க மாட்டாவ. நீங்க கூட்டத்துல சொல்லிருங்க.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். சரக்கு கெட்டால் பழி யார் தலையில் விழும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி இலை வைத்த தட்டு மேசையைச் சுற்றி வரும். ஆளாளுக்கு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் கசக்கி, நொறுங்கும் சத்தத்தைக் கேட்டு, காய்ந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். முதலாளியின் அப்பா காலத்தில் இதைக் குடோனில், குவியலுக்குப் பக்கத்தில் நின்று செய்தார்களாம். இப்போது ஏசி அறையில் செய்கிறோம். அன்றைய தட்டு மூன்று நாட்களாக முதலாளியின் மேசையிலேயே, ஏசிக் காற்றில் இருந்தது.

மச்சான் முதலில் கசக்கினார். “மக்ரூன் மாதிரில்லா நொறுங்குது” என்றார். கணக்குப் பார்ப்பவர், அண்ணாச்சி கண்ணால் பார்த்தாலே போதும், ஈரம் அளக்கும் மீட்டர் எதற்கு என்றார். முதலாளி சிரித்து, மீட்டர் வாங்காமல் விட்டது மச்சான் கொடுத்த யோசனை என்று திருப்பிக் கொடுத்தார். ஏஜென்ட் போன தடவை அனுப்பிய சரக்கைப் புகழ்ந்தார். அதற்கு முதலாளி ஏஜென்டைப் புகழ்ந்தார். தட்டு என்னிடம் வந்தது.

“நீ சொல்லுலே, படிச்சவன்.”

கசக்கினேன். அப்பளம்போல நொறுங்கியது. கையில் இருந்த இலை உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது.

“காஞ்சிருச்சு, அண்ணாச்சி.”

முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். லேப்டாப்பை மூட நான் நின்றேன். தரகர் தன் பக்கம் இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தார். பக்கத்தில் யாரிடமோ, சரியான ‘சர்க்கிள் ஜெர்க்’ என்று சொல்லிச் சிரித்தார். பிறகு திரை கறுத்தது.

காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றே போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். ஆண்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து சுயஇன்பம் செய்துகொள்வது என்பது நேர்ப்பொருள். எனக்குக் காது சுட்டது. வழக்கில் வேறு பொருளாம்: ஒரே எண்ணம் உள்ளவர்கள் கூடி, ஒருவர் சொன்னதை மற்றவர் மெச்சி, வெளியிலிருந்து ஒரு சொல்லும் நுழைய விடாமல், எல்லோரும் சுகப்பட்டுக் கலைவது. சினிமா ரசிகர்களை, கட்சிக்காரர்களை, விருது விழாக்களை அப்படித் திட்டியிருந்தார்கள். எல்லா எடுத்துக்காட்டிலும் அதைச் சொல்பவன் வெளியே நின்றான். தான் உட்கார்ந்திருந்த வட்டத்தை அப்படிச் சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை.

நம்மிடம் ஜால்ரா என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஜால்ரா அடிப்பவனுக்குத் தான் அடிப்பது தெரியும். எங்கள் அறையில் முதலாளி எங்களை மெச்சினார், நாங்கள் அவரை மெச்சினோம். என்னைத் தவிர யாரும் பொய் சொல்லவில்லை.

கன்டெய்னர் பூட்ட இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் சொல்ல வாயெடுத்து, தட்டிக்கொடுத்த கையை நினைத்து நிறுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, “ஆபீஸ்ல என்னலே விசேஷம்?” என்று அப்பா கேட்டார். இங்கிலீஷ் படித்து நான் தெரிந்துகொண்ட சொல் அந்த ‘சர்க்கிள் ஜெர்க்’. இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? ஆபீஸில் சொன்னால் அடிக்க வருவார்கள். அக்காவிடமா? ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஒன்றுமில்லை என்றேன். அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பும் பஸ்ஸில், உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் பேசாத ஆளாக நான் மாறிக்கொண்டிருப்பது தெரிந்தது.

ஒரு மாதத்துக்கு மேலானது. ஜெர்மனியிலிருந்து படங்கள் வந்தன. அறுத்துத் திறந்த மூட்டைகளின் நடுவில் கறுப்பு, அதன்மேல் வெள்ளைப் பூசணம். மொத்தச் சரக்கையும் அங்கேயே அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

மறுபடி ஐந்து பேரும் கூடினோம். இந்தத் தடவை அக்காவை வரச் சொன்னார்கள். உட்காரச் சொல்லவில்லை. புரட்டியதில்தான் குறை என்று மச்சான் தொடங்கினார். கணக்குப் பார்ப்பவர் ஆமாம் என்றார். ஆளை மாற்றிவிடலாம் என்றார் ஏஜென்ட். முதலாளி என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா முந்தின நாளே சொன்னாவ, அண்ணாச்சி. உள்ள சூடா இருக்குன்னு. நான்தான் இங்க சொல்லல.”

முதலாளி முன்னால் சாய்ந்தார்.

“காஞ்சிருச்சுன்னு சொன்னது நீதானலே?”

“ஆமா, அண்ணாச்சி.”

அக்காவின் வேலை தப்பியது. படியிறங்கும்போது அவர் திட்டவில்லை. “அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சு போச்சுல்லா தம்பி” என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதும் நின்றது. கதவுக்குப் பின்னால் அவர்கள் சிரிப்பது கேட்கும். டீ தனியாக என் மேசைக்கு வரும்.

நஷ்டத்தை முதலாளி அடுத்தடுத்த சரக்குகளில் சரிக்கட்டிக்கொண்டார். அறையில் இருந்த ஐந்து பேரில் யாருக்கும் வரும்படி குறையவில்லை. குடோன் பெண்களுக்குத் தீபாவளி போனஸ் மட்டும் இந்த வருடம் கிடையாது என்று முடிவானது. அந்தக் கூட்டத்திலும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம். தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு. அக்காவோடு சேர்த்துப் பத்துப் பேர். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்.