துண்டுக்குள் வந்த மூன்றாவது கை

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள், எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. உண்மையைச் சொல்லப்போனால் பேய் வீடு என்று பெயர் கெட்டுப்போன வீடுகள்தான் எனக்குச் சோறு போட்டவை. அப்படிப்பட்ட வீட்டில் நானே பாயை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்து எழுந்து, மறுநாள் வாங்குகிறவரைக் கூட்டி வந்து, "பாருங்க, நான் முழுசா இருக்கேனா இல்லியா?" என்று கேட்டு விற்றிருக்கிறேன். திண்டிவனத்தில் இரண்டு வீடு, விழுப்புரத்தில் ஒன்று. மூன்றிலும் எலியைத் தவிர எதுவும் என்னைப் பார்க்க வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இது நடுராத்திரிக் கதை இல்லை, பட்டப்பகலில் காலை பத்து மணிக்கு, நாலு பேர் நடுவில் நடந்தது.

அது உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த சமயம். நான் வீட்டுத் தரகுக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் அனந்தபுரம் சந்தையில் மாட்டுத் தரகு. மாட்டுக்கு விலையை வாயால் பேச மாட்டோம், இரண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை தரம் அழுத்துகிறோம் என்பதில் விலை இருக்கும், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவன் ஐந்து விரலையும் மடக்கிக் கையை மூடிக்கொண்டால் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம், அதற்கு மேல் பேச்சே கிடையாது. வீட்டுத் தரகுக்கு மாறின பிறகும் நான் இந்தத் துண்டை விடவில்லை. "கோயிந்தன் வூட்டுக்கும் பல்லு புடிச்சிப் பாத்துதான் வெல சொல்லுவான்" என்று மற்ற தரகர்கள் கேலி செய்வார்கள். செய்தால் என்ன, அக்கம்பக்கத்துக்கு விலை தெரியாமல் முடிகிறதே என்று ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது.

வீடு திண்டிவனத்தில் மாதா கோயில் பக்கத்துத் தெருவில் இருந்தது, நல்ல ஓட்டு வீடு. விற்கிறவர் சவரிமுத்து, மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து கட்டிய வீடு அது. அண்ணன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை, அவர் மனைவி ஆரோக்கியம்மாள் மட்டும் பின்பக்கத்து அறையில் இருந்து வந்தார். சுவர் விரிசல் விட்டிருக்கிறது, பூசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அந்த அம்மாளைக் கிளியனூரில் யாரோ தூரத்து உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார் சவரிமுத்து. சுவரில் விரிசலும் இல்லை, அவர் கூப்பிடவும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே சொன்னார்.

"எங்க அண்ணி ஒண்ணு கிளியனூர்ல கெடக்குது. வாங்கறவங்க கிட்ட அதெல்லாம் சொல்லிக்கினு இருக்காதீங்க தரகரே, பேஜாரு. நான் ஒருத்தன்தான் வாரிசுன்னு பத்திரத்துல எழுதிக்கலாம்."

நான் தலையாட்டினேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆட்டினேன். அண்ணன் பங்குக்கு அண்ணன் மனைவிக்கு உரிமை உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஓடு ஒழுகுவதையும் கிணறு வற்றுவதையும் சொல்லாமல் மறைக்கிற தரகன் இதையும் மறைத்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

வாங்க வந்தவன் அந்தோணி. விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவன் அப்பா காலமெல்லாம் பிறத்தியார் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டு இருந்தவர், நிலத்துக்காரர் முகம் சுளித்தால் அன்றைக்கே கூரையைப் பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தோணி சின்ன வயதில் அப்படி ஐந்து தரம் கிளம்பியிருக்கிறானாம். அவன் பெண்டாட்டி ஞானம் தன்னிடம் இருந்ததை எல்லாம் கழற்றிக் கொடுத்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "எங்கள யாரும் எழுந்து போன்னு சொல்ல மாட்டாங்க இல்லண்ணே?" மாட்டார்கள் என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன்.

இனிமேல்தான் கவனமாகக் கேளுங்கள். கூடத்தில் வெயில் நன்றாக விழுந்திருக்கிறது. எனக்கு எதிரே சவரிமுத்து, நாலடி தள்ளி அந்தோணி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், ஞானம் அடுப்பங்கரை வாசலில். நான் துண்டைப் போட்டு சவரிமுத்துவின் கையைப் பிடித்தேன், தடித்த கை, விரலில் மோதிரம். விலை கேட்டேன், அவர் சொன்னார், நான் குறைத்தேன், அவர் யோசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு விரலிலேயே கவனமாக இருந்தேன், அது என் வழக்கம். அப்போது உள்ளே இருந்த கை மாறிப்போனது. மோதிரம் இல்லை. ஒல்லியான கை, எலும்பு தட்டுகிறது, உள்ளங்கை எல்லாம் ஈரம். என்னடா இது என்று கண்ணைத் திறந்தால், நம்பினால் நம்புங்கள், சவரிமுத்துவின் இடது கையில் பொடி டப்பி, வலது கையில் ஒரு சிட்டிகைப் பொடி, அவர் நிம்மதியாக மூக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்! என் கையோ துண்டுக்குள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது!

 அந்தக் கை என் பிடிக்குள்ளேயே ஒவ்வொரு விரலாக மடக்கி முழுசாக மூடிக்கொண்டது. கொடுக்க இஷ்டமில்லை! மாட்டுச் சந்தையில் அத்தனை வருஷம் பார்த்த அதே சைகை. நான் பயத்தில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேனே தவிர விடத் தோன்றவில்லை. சவரிமுத்து தும்மினார், அவ்வளவுதான், துண்டு தொப்பென்று அமுங்கியது, உள்ளே என் கை மட்டும் இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தேன், ஈரமான கேப்பை மாவு ஒட்டியிருந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும் இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா, மாவைத் துண்டிலேயே துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிது, வெள்ளிக்கெழம ரிஜிஸ்டர் வெச்சிக்கலாம்" என்று சொன்னேன். தரகன் வாய் அப்படிப் பழகியிருக்கிறது. அன்று புதன்கிழமை.

கொடுக்க இஷ்டமில்லை என்று சொல்ல அந்த வீட்டுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆரோக்கியம்மாள் அந்த நேரத்தில் செத்துப்போயிருப்பார், அவர் ஆவிதான் வந்தது என்று முடிவே கட்டிவிட்டேன், அதுவரை நம்பாதவன் ஒரே வேளையில் எப்படி மாறிவிட்டேன் பாருங்கள். மறுநாள் விடிந்ததும் கிளியனூருக்குக் கரி பஸ் ஏறினேன். மேடு வந்த இடத்தில் எல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார்கள், ஜல்தியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று நான்தான் முதலில் இறங்கித் தள்ளினேன். துக்கம் கேட்க என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போய் விசாரித்தேன். ஒரு மாட்டுக் கொட்டகையை ஒட்டின சார்ப்பைக் காட்டினார்கள். அங்கே ஒரு அம்மாள் இடது கையால் மல்லாட்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆரோக்கியம்மா வூடு இதுங்களா?"

"நான்தாம்பா ஆரோக்கியம். இன்னா வேணும்?"

உயிரோடு இருக்கிறார்! செத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நடுக்கம் வந்திருக்காது. அவர் வலது கை மடியில் கிடந்தது, விரல்களெல்லாம் வீங்கியிருந்தன. கையில் என்ன என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கற. நேத்து காலையில அடைக்குக் கேப்பை மாவு பெசஞ்சிக்கினு இருந்தேன். திடீர்னு கை மரத்துப்போச்சி. பாத்தா இங்கதான் இருக்குது, ஆனா யாரோ துணிக்குள்ள வெச்சி என் வெரல நசுக்கறாங்க. சுத்திப் பாக்கறேன், ஒருத்தரும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள இப்பிடி வீங்கிக்கிச்சி."

நான் என் கையை நீட்டினேன். அவர் தன் வீங்கின கையை அதில் வைத்துக் கண்ணை மூடினார். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நீதான்! அடப்பாவி, பொம்பள கைய இவ்ளோ அழுத்தியா புடிப்ப?"

 வீட்டை விற்கப்போவது, வேறு வாரிசு இல்லை என்று எழுதப்போவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் அழவில்லை. "செவுத்தப் பூசறேன்னுதானே சொன்னான்" என்று இரண்டு தரம் சொன்னார்.

அப்படியே திண்டிவனம் திரும்பி ரயில் ஏறி விழுப்புரம் போனேன். அந்தோணி உடம்பெல்லாம் கரியோடு ஷெட்டிலிருந்து வெளியே வந்தான், பக்கத்தில் அவர்கள் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஞானமும் இருந்தாள். துண்டுக்குள் வந்த கை உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். கையை அவன் நம்பினானோ இல்லையோ தெரியாது, பங்குக்காரர் இருப்பதை நம்பினான். கையிலிருந்த செம்பை வீசி அடித்தான்.

"நாளைக்கு ரிஜிஸ்டரு, இன்னிக்கு வந்து சொல்றீங்களே! நாளைக்கு அந்தம்மா வந்து எழுந்து போன்னா நான் எங்கண்ணே போவேன்?"

ஞானம் செம்பை எடுத்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அந்தம்மாவ எழுப்பி வுட்டுட்டு அந்த எடத்துல எனக்கு மட்டும் தூக்கம் வருமா? வூடு வேணும். அவங்க ரூம்பு அவங்களுக்கே இருக்கட்டும். அவங்க கைநாட்டு இல்லாம நீ கையெழுத்து போடாத, அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சவரிமுத்து என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். "தரகுக்கு வந்தியா, கோள் மூட்ட வந்தியா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன், ஆனால் நகரவில்லை. விடியற்காலையிலேயே கிளியனூர் போய் நான் கூட்டி வந்திருந்த அண்ணியை நேரில் பார்த்ததும் அவர் சத்தம் அடங்கிவிட்டது. பத்திரத்தை மாற்றி எழுதினார்கள். அண்ணன் பங்குக்கான பணம் ஆரோக்கியம்மாளுக்கு, பின்பக்கத்து அறையில் அவர் உயிரோடு இருக்கும்வரை இருந்துகொள்ளலாம் என்று ஒரு வரி. அவர் கைநாட்டு வைத்தார், அந்தோணி கையெழுத்துப் போட்டான். ஞானம் அந்த அம்மாள் விரலில் இருந்த மையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை, போங்கள்.

வீட்டுக்கு மாட்டு வண்டியில் திரும்பினோம். அந்தோணியும் ஞானமும் முன்னால் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டு வந்தார்கள், நானும் ஆரோக்கியம்மாளும் பின்னால். எனக்கு மண்டைக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது, கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, வெரல மடக்கி மூடினா குடுக்க மாட்டேன்னு அர்த்தம். அது மாட்டுத் தரகர்ங்க வழக்கமாச்சே, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு இன்னாப்பா தெரியும்? நான் எங்க மூடினேன்? என் மணிக்கட்டப் புடிச்சி இழுத்துக்கினு போயி உன் கையில வெச்சிச்சே, அந்தக் கைதான் என் வெரல ஒண்ணொண்ணா மடக்கிச்சி."

 "உங்க வூட்டுக்காரரு கைங்களா?" என்று கேட்டேன்.

"அவரு கைய எனக்குத் தெரியாதா? அது அவரு இல்ல. ஆனா என் ரூம்புலேர்ந்துதான் வந்துச்சி. அந்த ரூம்பு வாசனை எனக்குத் தெரியும்." இதைச் சொல்லிவிட்டு அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "இத்த அந்தப் புள்ளைங்க கிட்ட சொல்லாத, பாவம், ஆசையா வாங்கியிருக்குதுங்க" என்றார்.

அவர் அந்த அறையில் பல வருஷம் இருந்து, ஞானம் கையால் கஞ்சி குடித்துப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு நான் விற்ற ஒவ்வொரு வீட்டிலும் வாங்குகிறவரை உட்காரவைத்து, பங்குக்காரர் யார், ஓடு எங்கே ஒழுகும், கிணறு எந்த மாசம் வற்றும் என்று அவர்களுக்கு அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்லித்தான் ரிஜிஸ்டருக்குக் கூட்டிப்போனேன். ஆனால் அந்த ஒரு வீட்டில், அந்தோணியின் மூத்த பெண் இப்போது பின்பக்கத்து அறையில்தான் படுத்துக்கொள்கிறாள், வழியில் பார்த்தால் "மாமா, வூட்டுக்கு வாங்க" என்று கூப்பிடுகிறாள். நான் சிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பார்க்கிறேன். மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கையைப் பற்றி அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.