சாம்பிராணி குடித்த கணினி

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். நீங்கள்தான் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லலாம்தான், ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. காகிதம் பரவாயில்லை, அது திரும்பிப் பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு நாள், எங்கள் வீட்டு டிவியில் என் மச்சான் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். குரல் மட்டும் தகரத்தைத் தரையில் இழுப்பது போல வந்தது. கொஞ்ச நேரம் கழித்து உதடு அசைந்தது. அதற்குள் பேச்சு முடிந்துபோயிருந்தது.

மச்சான் என்றால் என் மனைவி சரோஜாவின் அண்ணன், ராஜேந்திரன். அவருடைய ஒரே மகள் தேவி தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். அந்தத் தேவிக்குத்தான் இப்போது கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவோடு குளுவாங்கிலிருந்து நாங்கள் இருக்கும் தம்போய்க்கு வந்து எங்களுக்கு முதல் பத்திரிகை வைப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் அப்பாவின் குரலை அன்று அவளுக்குக் கேட்கவைக்க வேண்டும். எனக்கு அந்த ஒரே நினைப்புதான்.

மச்சான் கல்யாண வீடியோ எடுத்தவர். லாயாங் லாயாங் ஊரிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் எத்தனையோ மணமக்களைப் பதிவு செய்தவர், தன்னைப் பதிவு செய்துகொள்ளவில்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவர் எப்படிப் படத்தில் வருவார்? கேமராவில் அவர் பேச்சு விழுந்திருக்குமே என்பீர்கள். அந்தக் காலத்தில் கல்யாண வீடியோ என்றால் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டார் காசு தரமாட்டார்கள். பாட்டு ஏறினால் பேச்சு அழிந்துவிடும். என் கல்யாண வீடியோ நாடா ஒன்றில்தான் அவர் முகம் கொஞ்சம் விழுந்திருக்கிறது, பாட்டும் ஏறவில்லை. "நம்ம வீட்டு வேலதானே மாப்ள, மெதுவா போட்டுக்கலாம்" என்று கடைசிவரைக்கும் போடவே இல்லை. பூஞ்சை பிடித்துக் கிடந்த அந்த நாடாவை ஜொகூர் பாருவில் ஒரு கடைக்காரர் துடைத்து எடுத்து, கணினியில் பார்க்கும்படி மாற்றிக் கொடுத்தார். அவர் கடையில் நன்றாகத்தான் ஓடியது.

எங்கள் வீட்டில் டிவியோடு ஒரு கணினியைப் பொருத்தியிருக்கிறேன். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பழசு என்று கழித்ததை வாங்கி வந்தது. ஆரம்பத்தில் கூடமே சினிமாக் கொட்டகையாக இருந்தது. பிறகு படம் தயங்கித் தயங்கி ஓட ஆரம்பித்தது. நாங்களும் பழகிவிட்டோம். நின்றால் எழுந்துபோய் ஒரு தேத்தண்ணீர் கலக்கிக்கொள்வோம்.

மச்சான் நிற்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே தம்போயில் கணினி பழுது பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். "அங்கிள், பழைய பொட்டி லா. வீடியோ இழுக்காது. புதுசு எடுங்க" என்றான். சரோஜா, "கைப்பேசியில போட்டுக் காட்டிடலாங்க" என்றாள். இத்தனை வருஷம் கழித்து அப்பாவைப் பார்க்க வருகிற பிள்ளைக்கு, உள்ளங்கை அளவிலா காட்டுவது? முடியாது என்றேன். நான் முடியாது என்று சொன்னது அவளுக்கே புதுசு. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலை முடிந்து வந்ததும் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தேன். வேண்டாத படங்களை அழித்தேன். படம் ஓட்டுகிற வேறு செயலி போட்டுப் பார்த்தேன். அணைத்து அணைத்துப் போட்டேன். மச்சான் அதே இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவி அலமாரிக்குப் பின்னால் விழுந்த திருகாணியைத் தேடிக் கையை விட்டேன், கணினிப் பெட்டியில் பட்டது. சுட்டது. இட்லிச் சட்டியைத் தொட்டதுபோல இருந்தது.

அந்தச் சூடு எனக்குத் தெரிந்த சூடு. கல்யாணம் ஆவதற்கு முன்பு நான் மச்சானுக்கு விளக்குப் பிடிப்பவனாக இருந்தேன். கண் கூசும் பெரிய விளக்கு, பின்னால் வால் மாதிரி நீண்ட வயர். எனக்கு ஏற்ற வேலை. விளக்கைப் பிடித்திருக்கிறவனை யாராலும் பார்க்க முடியாது, எல்லாருக்கும் கண் கூசும். ஒருமுறை கையில் சுடுகிறதென்று விளக்கின் காற்றுத் துளைகளை ஈரத் துண்டால் சுற்றிவிட்டேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து வெடித்தது. மணப்பெண் கத்திவிட்டாள். "அலமாக்! மூக்க அடச்சா எவன்டா உயிரோட இருப்பான்? உனக்கும் அடச்சுப் பார்க்கவா?" என்று அத்தனை பேர் முன்னிலையில் மச்சான் திட்டினார். எனக்கு அங்கேயே குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெட்டியை வெளியே இழுத்தேன். பக்கவாட்டுத் துளைகளின் மேல் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நானே என் கையால் பூசியது. மோட்டார் சைக்கிளுக்கு முன்விளக்கின் நெற்றியில் வைப்போம். கணினிக்கு நெற்றி எது என்று யாருக்குத் தெரியும்? மூச்சு விடுகிற இடத்திலேயே வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று சாம்பிராணி வாசம். உள்ளே சூட்டைத் தள்ளுகிற காற்றாடி தெரியவில்லை, அதன் மேல் தூசி படிந்து சாம்பல் நிறக் கம்பளி மாதிரிதான் தெரிந்தது.

அண்ணாந்து பார்த்தேன். அலமாரிக்கு நேர் மேலே சாமி மேடை. வெள்ளிதோறும் சரோஜா வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிவிட்டுக் கடைசியில் தூபக்காலைக் கணினிக்குப் பக்கத்தில்தான் இறக்கி வைப்பாள். இது அத்தனை புகையையும் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொண்டது. காற்று இல்லாமல் சூடேறிப்போய், வெந்துவிடாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தவித்திருக்கிறது.

"சரோ, இங்க பாரு" என்றேன்.

"அதுக்கு? சாமிய நகர்த்தச் சொல்றீங்களா? கண்ணனோட சினிமாவுக்கு முருகன் எழுந்து போகணுமா?" கண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன், வீட்டுக்கு வந்தால் அந்தக் கணினியில்தான் சினிமா பார்ப்பான்.

"சாமி அங்கேயே இருக்கட்டும். பொட்டிதான் போகணும்."

"எங்க போகும்?"

"உன் தையல் மெஷின் இடத்துக்கு."

"அப்ப என் மெஷின்?"

நான் வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். சாயம் அடிக்கிற தூரிகை, பல்குத்தும் குச்சி, ஸ்பிரிட் நனைத்த துணி. சாம்பிராணிப் பிசின் லேசில் விடவில்லை. காற்றாடியைக் கழற்றும்போது பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உடைந்துபோனது.  மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டினேன். சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் சரோஜா முணுமுணுத்துக்கொண்டே தையல் மெஷினை அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வந்தார்கள். தேவி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டி, "அத்த, மாமா, ஒரு வாரம் முன்னாடியே வந்துடணும்" என்றாள். அவள் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

படத்தைப் போட்டேன். டிவியில் மாப்பிள்ளையாக நான் வந்தேன். தாலி கட்டினேன், மாலை மாற்றினேன், அப்போதும் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடப் பெண்ணின் அண்ணனான மச்சானை அழைத்தார்கள். கேமராவை யாரிடமோ கொடுத்துவிட்டு அவர் படத்துக்குள் வந்தார். என் விரலைப் பிடித்தார். "என் தங்கச்சி அழுதான்னு கேள்விப்பட்டேன்னா, அந்த லைட்டாலயே அடிப்பேன் மாப்ள" என்றார். உதடும் குரலும் ஒன்றாக வந்தன. மோதிரத்தைப் போட்டார், சிரித்தார், கேமராவை வாங்கக் கை நீட்டினார், மறைந்துபோனார்.

தேவி நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டாள். "இனிமே வரமாட்டாரா மாமா?"

"முகம் வராது. குரல் வரும்."

வந்தது. பந்தியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். "பெரியப்பா, இல எங்கயும் ஓடாது, என்னப் பாருங்க." "சின்னம்மா, மெல்லுங்க, மெல்லுங்க, நான் வெயிட் பண்றேன்." எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தேவியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் பச்சைப் புடவையில் ஒரு பெண் தண்ணீர்க் கூஜாவோடு திரும்பினாள். குரல் நின்றது. படம் அசையவில்லை.

"ஐயோ, திரும்ப மாட்டிக்கிச்சா மாமா?"

நான் பார்த்தேன். கூஜாவிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"இல்லம்மா. கணினி நல்லாத்தான் ஓடுது. நின்னது உங்கப்பா."

தேவி அந்தப் பச்சைப் புடவைப் பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மெல்லத் தன் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "டிவியப் பாருடி" என்றார்.

இப்போது அந்த மண்டபம் இல்லை, கார் நிறுத்துகிற இடம். கூஜாவோடு யாரும் பந்தியில் நடப்பதில்லை, போத்தல் தண்ணீர்தான். கேமராவைக் கண்டு வாய்ச் சோற்றோடு திகைத்து நிற்கிற மனிதர்களும் இல்லை. அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை, எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

எழுதி முடித்தது: மார்ச் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.