மூன்றாவது ஓலை

வேப்பெண்ணெய் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் மாதா கோயிலின் கிராதிதான் நினைவுக்கு வரும். கரையான் அரிக்காமலிருக்க கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் பூசுவார், ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் அதில் சாய்ந்து பாவாடையைக் கறையாக்கிக்கொள்வேன். ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில், இடுப்பு உயரமிருந்த அந்த மரக் கிராதிக்கு வலப்பக்கம் எங்கள் சாதிக்காரர்கள், இடப்பக்கம் 'சேரிச் சனம்'. பூசை வைக்கும் சாமியார் நாக்கில் தரும் அப்பமான 'நன்மை'யை நாங்கள் எல்லாரும் வாங்கி முடித்த பிறகே அவர்கள் எழுந்து வர வேண்டும்.

அந்த வருஷம் பிலோமினா அக்காவுக்கும் மாமா மகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பதை 'ஓலை' என்போம். இரண்டாவது ஓலை வாசித்த அன்று, கண் மங்கிய சூசையம்மாள் கிழவி முறை தெரியாமல் எங்களுக்கு நடுவே வந்து நன்மைக்கு முழந்தாளிட, கோயில்பிள்ளை அவள் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா எழுந்து, அவளைக் கூட்டிக்கொண்டு கிராதிக்கு அந்தப் பக்கம் போய், பூசை முடியும்வரை தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலமே மாமா வந்துவிட்டார்.

"மாப்ளே, கோபத்துல ஒருநாள் உட்கார்ந்தீங்க, போகட்டும். அடுத்த ஞாயிறும் அங்கதான்னா என் மகனுக்கு நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

"சேசு எந்தப் பக்கம் இருக்காருன்னு சொல்லிடுங்க மச்சான், அங்கேயே உட்கார்ந்துக்கறேன்."

"சாமியாரே சும்மா இருக்காரு, வாத்தியாருக்கு என்ன பிரசங்கம்?"

அப்பா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மாமா போன பிறகு அம்மாவிடம், "அங்க என்கூட வேலை பார்க்கிற ஐயங்கார் வீட்டுல தண்ணி குடிச்சா, டம்ளரை நானே கழுவிக் கவுத்துட்டு வரணும். அது எனக்கு எரியுதுன்னா சூசையம்மாளுக்கு எரியாதா?" என்றார். அம்மாவோ, "ஒரே ஒரு ஞாயிறுங்க. மூணாவது ஓலை முடியட்டும், அப்புறம் எங்க வேணா உட்காருங்க" என்று வாரம் முழுக்கக் கெஞ்சினாள்.

மூன்றாம் ஞாயிறு அப்பா நேரே இடப்பக்கம் போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கை நீட்டினார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மாமா முன்பே சாமியாரிடம் சொல்லிவைத்திருந்தார் போலும். வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்களை வாசித்துவிட்டுச் சாமியார் தாளை மடித்தார். அக்கா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாரும் அவளைப் பெண் கேட்டு வரவில்லை. அப்பா சாகும்வரை அவருக்குச் சோறு போட்டவள் அவள்தான். தட்டை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவாள். அப்பா செய்தது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு ஞாயிறு பொறுத்திருந்தால் என்ன என்ற கேள்வியையும் இன்றுவரை என்னால் விட முடியவில்லை.

இப்போது கிராதி இல்லை. அதைப் பிடுங்கிய அன்று மாமா முன்வரிசையில் உட்கார்ந்து, "எங்க மாப்ளே அப்பவே செஞ்சு காட்டினாரே!" என்று எல்லாரிடமும் பெருமை பேசினார். அதன் கால்கள் நட்டிருந்த பதினோரு குழிகளையும் சிமென்ட்டால் அடைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அக்காவும் நானும் ஞாயிறுதோறும் போகிறோம். அந்தக் குழிகளுக்கு வலப்பக்கம்தான் உட்காருகிறோம்.