இஞ்சாருங்கோ, அதிலை ஒரு வளைவு

கார் ஓடும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கலியாணமான புதிதிலேயே என் மனுசன் போட்டது. அவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். ஒரு பஸ் சனத்தைச் சுமந்து போகிறவனுக்குப் பக்கத்துச் சீட்டிலிருந்து பாடம் எடுக்கக் கூடாதாம். அப்பேர்ப்பட்டவர் ஒரு மாசி மாதம், காருக்குள் வாயை மூடாமல் வழி சொல்லும்படி என்னைக் கெஞ்சினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் பனிக்கால ராலிப் போட்டி அது. பள்ளத்தாக்கில் தார் வீதி, மலைக்கு மேலே பனி வீதி, இறங்கினால் திரும்பவும் தார். முந்தி ஓடுகிறவருக்கு அதில் வெற்றி கிடையாது. ஒவ்வொரு சாவடிக்கும் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். நேரத்துக்குப் பஸ் ஓட்டுகிறவனுக்கு இது என்ன புதினம் என்று இவர் டிப்போவில் வாயை விட்டிருந்தார். அங்கே ஒரு நோர்வேக்காரர், வெயில் நாட்டுக்காரரை இழுத்தெடுக்க ட்ராக்டர் ஒன்றை ஆயத்தமாக வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டாராம். அதோடு, முதலிடம் வராவிட்டாலும் பரவாயில்லை, ட்ராக்டர் இழுக்காமல் முடிக்க வேண்டும் என்பது இவருடைய மானப் பிரச்சினையாகிவிட்டது. வழி சொல்ல இருந்த கூட்டாளியோ, பியோர்ண்டாலில் எங்கள் வீட்டு வாசலிலேயே வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். மிஞ்சியது நான்தான்.

மடியில் ஒரு புத்தகம் தந்தார்கள். ஒவ்வொரு சந்தியும் வளைவும் அதில் அம்புக்குறியாகக் கீறியிருக்கும். வளைவு வரும் முன்பே நான் சொல்ல வேண்டும். அங்கேதான் வில்லங்கம். எங்கள் பெண்கள் பலரைப் போல நானும் மனுசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாருங்கோ" என்று தொடங்கி, அவர் "ம்" என்ற பிறகுதான் விசயத்துக்கு வருவேன். சோறு போடவா என்று கேட்பதற்கு அது நல்ல மரியாதை. மலையில் முதல் வளைவுக்கு முன் "இஞ்சாருங்கோ" என்றேன். "ம்" என்றார். "அதிலை இடப்பக்கம் ஒரு வளைவு" என்று நான் முடிக்கையில் கார் பனிக்குவியலுக்குள் மூக்கை நுழைத்திருந்தது. நல்லகாலம், பனி புதிது. தள்ளியதும் நான், ஏச்சு வாங்கியதும் நான்.

இனி மரியாதை வேண்டாம், திசையை மட்டும் சொல்லும் என்று கத்தினார். பழக்கம் விடுமா? எவ்வளவு விழுங்கினாலும் "இஞ்" வரைக்கும் வந்துவிடும். அதனால் மலை முழுவதும் ஊர்ந்தோம், சாவடிக்குச் சாவடி பிந்தினோம். இறக்கத்தில் பனி முடிந்து தார் தெரிந்ததும் இவருக்கு உயிர் வந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்கிறேன் என்று மிதித்தார். புத்தகத்தில் அடுத்த வளைவுக்குப் பக்கத்தில் பெரிய ஆச்சரியக்குறி. நிமிர்ந்து பார்த்தால், மர நிழலில் தார் ஈரம் மாதிரி மினுங்குகிறது. அது ஈரமில்லை, ஐஸ். வீதிக்கு வெளியே பள்ளம். என் வாய் தானாகத் திறந்தது.

"டேய், காலை எடடா."

கால் எடுபட்டது. கார் வேகம் குறைந்து, தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவர்போல அந்த ஐஸைக் கடந்தது. பள்ளத்தில் எங்களுக்கு முன்னால் போன கார் கிடந்தது. ட்ராக்டர்காரர் அதற்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். காருக்குள் இருந்த இரண்டு பேரும் அசல் நோர்வேக்காரர். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

முடிவுச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசிக்கு முந்தின இடம். ட்ராக்டர் எங்களைத் தொடவில்லை. இவர் இறங்கிச் சுற்றிவந்து என் பக்கக் கதவைத் திறந்தார். கலியாணமான நாள் தொடங்கி ஒருநாளும் செய்யாத வேலை.

"அந்த வளைவிலை என்னை என்னெண்டு கூப்பிட்டனீர்?"

"ஞாபகமில்லை."

"என்ரை அம்மா கேட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பா" என்றார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

ராலி முடிந்ததால் வீட்டுச் சட்டம் திரும்பவும் அமுலுக்கு வந்திருக்கும் என்று நினைத்து, ஒஸ்லோவுக்குத் திரும்பும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் இவர் பறக்கத் தொடங்கியதும் பொறுக்க முடியவில்லை. "இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெதுவா" என்றேன். காதில் விழாதவர்போல ஓட்டினார். இன்னொருக்காச் சொன்னேன். ஒரு "ம்" கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். மனுசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"டேய்" என்றேன். கால் எடுபட்டது.